பேசாதவளுக்கு மட்டும்

குழுக் கணக்கின் கடவுச்சொல் எனக்குத் தெரியும்.
எண் வந்து விழுவது சகாயராணியின் போனில்.
சேர்ந்து திரிந்த நாளில்
நாங்களே செய்துகொண்ட ஏற்பாடு:
ஒருத்தி அறிந்திருப்பாள், ஒருத்தி வைத்திருப்பாள்,
இரண்டு பேரும் இல்லாமல் ஒரு ரூபாய் அசையாது.

பிறகுதான் அந்தக் கயிற்றுத் தகராறு.
நாலு மிதவை, பதினோரு கிலோ பாசி,
யார் பங்கு எது என்று
ஓலைக்குடா முழுக்கக் கேட்கும்படி.
ஆனி தொடங்கி நாங்கள் பேசுவதில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை வந்துவிடும்.
பதினாலு பெண்களுக்குக் கூலி போடணும்.
மணலில் உட்கார்ந்து நான் கடவுச்சொல்லைத் தட்டுவேன்.
முப்பதடி தள்ளி, கவிழ்த்த வள்ளத்தின் மறைவில்
அவள் போன் ஒருமுறை உறுமும்.
கடலைப் பார்த்தபடி சொல்லுவாள்,
என்னிடம் இல்லை, காற்றிடம்:
"நாலு. ஜீரோ. ஒம்பது. ஒம்பது. ரெண்டு. ஏழு."
வாரத்துக்கு ஆறு சொல்.
கச்சான் அடித்தால் இரண்டு தரம்.

சில வெள்ளி அவள் போனை
அக்கரைக் கோபுரம் இழுத்துக்கொள்ளும்.
இலங்கைக்கு நல்வரவு என்று செய்தி வரும்,
எண் வராது.
எழுந்து மாதா கோயில் பக்கம் நடப்பாள்
நம்ம டவரைத் தேடி.
பின்னாலேயே நானும், அதே முப்பதடி விட்டு.
வலை பின்னுகிறவர்கள் சப்பரம் எங்கே என்று கேட்டார்கள்.

ஒரு பூட்டுக்கு ஒரு சாவி போதாதா
என்று வீட்டில் வந்து கத்தினேன்.
என் வீட்டுக்காரர் சோற்றிலிருந்து தலை தூக்கவில்லை.
"கடல் தெரியும்னா டோக்கன் இல்லாம விட்டுருவானா?
டோக்கன் இருக்குன்னு
கடல் தெரியாதவன் போயிருவானா?"

செவ்வாய்க்கிழமை, நட்டநடு வெயில்.
இடுப்பளவு தண்ணீரில் நான்,
விரல்களில் சுற்றிய துணியோடு.
கரையில் நின்று கத்தினாள்
மூன்று மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து:
"நீ கேட்டியா?"
"என்னத்த?"
"நம்பரு!"
"தண்ணிக்குள்ள நிக்கிறேன், எப்பிடிக் கேப்பேன்?"

அப்படியென்றால்
என் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு
எவனோ எங்கள் வாசலில் நிற்கிறான்.
உள்ளே எண்பத்தாறாயிரம்.
பாதி வழி வந்துவிட்டான்.
மீதி வழி
இவள் முந்தானையில் முடிந்து கிடக்கிறது.

நான் கரையேறுவதற்குள் போன் அடித்தது.
நல்ல தமிழ். அக்கா என்றது, பேங்க் என்றது,
இந்த நிமிஷமே எண்ணைச் சொல்லாவிட்டால்
கணக்கு முடங்கிப்போகும் என்றது.
சகாயராணி முழுக்கக் கேட்டாள்.
"அத நான் பேசாதவ ஒருத்திக்கு
மட்டுந்தான் சொல்லுவேன்."
வைத்துவிட்டாள்.

சொட்டச் சொட்ட உட்கார்ந்தேன். மாற்றியாக வேண்டும்.
"என்னதான் வச்சிருந்த?" என்றாள்.
வாய் வரவில்லை.
அவள் மகள் பெயர். ஜெரோஷினி.
பின்னால் பிறந்த வருஷம்.
ஞானஸ்நானத்தன்று அந்தப் பிள்ளையைக்
கையில் ஏந்தி நின்றவள் நான்தானே.
தெரியாத ஒருவன் ஊகித்திருக்கிறான்,
பெற்றவளுக்குத் தோன்றவில்லை.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
மூக்கை உறிஞ்சினாள்.
காற்று மணலாகவும் இருக்கலாம்.

புதியதைத் தட்டினேன்,
நீளமாக, யார் பெயரும் இல்லாமல்.
நான் தட்டி முடிக்கும்வரை
முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.
மூன்று மாதமாக நான் பார்த்துவந்த அதே முதுகுதான்.
அதற்கு இப்படியும் ஒரு பொருள் உண்டென்று
எனக்குத் தெரியாது.

போன் உறுமியது.
முப்பதடியில் இல்லை, முழங்கைத் தூரத்தில்.
"அஞ்சு," என்றாள்.
"ஒண்ணு."
நிறுத்தினாள்.
"அந்தப் பதினோரு கிலோ ஒன்னோடது இல்ல."

எண்ணுக்கு ஆயுள் மூணே நிமிஷம்.
"சரிடி," என்றேன்,
"மிச்சத்தச் சொல்லு."